இரட்டைக் கொம்பும் துணைக்காலும்

சிறையில் கவிதைப் பயிற்சி நடத்த முடியுமா என்று சிறை அதிகாரி தொலைபேசியில் கேட்டபோது, நான் கவிதை எழுதுகிறவள் அல்ல, செய்தி எழுதுகிறவள் என்று சொன்னேன். பிழை திருத்தத் தெரிந்தால் போதும் என்றார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. கைதிகளுக்கு ஏதாவது ஒரு கலையில் பயிற்சி கொடுக்கும்படி மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. ஓவியத்துக்கு வண்ணம் வேண்டும், இசைக்குக் கருவி வேண்டும், கவிதைக்குப் பேனாவும் தாளும் போதும் என்று அவர் யோசித்திருந்தார்.

அது சின்னச் சிறை. ஆண்கள் மட்டும். பெரும்பாலும் விசாரணைக் கைதிகள், அதாவது வழக்கு இன்னும் முடியாதவர்கள். அவர்களுக்குச் சீருடை கிடையாது. வீட்டில் இருந்து வந்த லுங்கியும் சட்டையும்தான். சிமெண்ட் ஓடு வேய்ந்த ஒரு கூடத்தில் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். நான் போனதும் ஒரு வார்டர் பேனாக்களை எண்ணிக் கொடுப்பார், கிளம்பும்போது எண்ணி வாங்கிக்கொள்வார். பேனாவை மூடி இல்லாமல்தான் கொடுப்பார்கள். காரணம் கேட்டதற்கு, மூடியை விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் ஒருவர் உண்டு என்றார் வார்டர்.

முதல் சில வாரங்கள் நான் தோற்றேன். எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம் என்றேன். எல்லோரும் அம்மாவைப் பற்றி எழுதினார்கள். அம்மா தெய்வம், அம்மா தியாகம், அம்மா கோயில். திருட்டு வழக்கில் வந்தவர் எழுதியதும் கஞ்சா வழக்கில் வந்தவர் எழுதியதும் ஒரே கை எழுதியது போல இருந்தன. அம்மாவைத் தவிர வேறு எதையாவது எழுதுங்கள் என்றேன். அடுத்த வாரம் எல்லோரும் மழையைப் பற்றி எழுதினார்கள்.

வழி காட்டியது பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் இருந்து சாராய வழக்கில் வந்திருந்த ஒருவர். வெளியே கூத்தாடுகிறவர். கூத்தில் கட்டியங்காரன் வேடம் கட்டுவார். ராஜா வருவதை அறிவிப்பதும் அவனே, ராஜாவைக் கேலி செய்வதும் அவனே. சிறையிலும் அவருக்கு அதுதான் வேலையாக இருந்தது. சாப்பாட்டுத் தட்டோடு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டியம் சொல்வார். என்னை முதல் நாளில் இருந்தே அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

"அக்கா, எங்க ஆளுங்கள உக்காந்து யோசின்னா யோசிக்க மாட்டாங்க. வேஷம் குடுங்க, தானா வரும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் கூத்து என்றால் பெரும்பாலும் ஒரே பெருங்கதைதான். நிலத்துக்காகப் பங்காளிகள் அடித்துக்கொண்டு அழிந்த கதை. கோடையில், அறுவடை முடிந்த காடுகளில், விடிய விடிய நடக்கும். அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் அதைப் பார்க்காதவர் யாரும் இல்லை. பங்காளித் தகராறில் கைதாகி வந்தவர்களும் பலர் இருந்தார்கள்.

கூத்தில் ஒரு வேடம் நேராக வந்து நிற்காது. இருவர் ஒரு திரையைப் பிடித்துக்கொள்வார்கள். வேடக்காரர் அதற்குப் பின்னால் நின்றுகொண்டு, தான் எப்பேர்ப்பட்டவன், என்ன செய்தவன் என்று பாடுவார். முகம் தெரியாது, கால் சலங்கை மட்டும் தெரியும். பின்பாட்டுக்காரர்கள் ஒவ்வொரு வரியின் கடைசியையும் திருப்பிப் பாடுவார்கள். பாட்டு முடிந்ததும் திரை விலகும். கட்டியங்காரன் முன்னால் வந்து, எந்த நாடு, எந்த ஊர், பேர் என்ன என்று கேட்பான். வேடக்காரர் பேர் சொல்வார். அப்போதுதான், பாடியது யார் என்பது சபைக்கு உறுதியாகும். பாட்டில் சிலர் 'வந்தேனே' என்பார்கள், சிலர் 'வந்தானே' என்பார்கள். தன்னையே 'அவன்' என்று பாடிக்கொள்வது கூத்தில் சாதாரணம். அதை யாரும் பிழையாகக் கேட்பதில்லை.

அப்படித் திரைக்குப் பின்னால் நின்று பாட, ஆளுக்கு ஒரு திரைப்பாட்டு எழுதச் சொன்னேன். தெரிந்த கதையின் ராஜாக்கள் வேண்டாம், உங்கள் ராஜாவை நீங்களே உண்டாக்குங்கள் என்றேன். அந்த வாரம் பேனாக்களைத் திரும்ப வாங்க வார்டர் சத்தம் போட வேண்டியிருந்தது.

விபத்து வழக்கில் இருந்த லாரி ஓட்டுநர் ஓர் அசுரனை எழுதினார். தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது பிரேக் பிடிக்காத அசுரன். இருசக்கர வாகனங்கள் திருடியதாக வந்திருந்தவர் இப்படி எழுதினார்:

ஊரார் குதிரை எல்லாம் ஓட்டிப் பார்த்த ராஜன்,
பேர்போன ராஜன், பெட்ரோல் தீர்ந்த ராஜன் வந்தானே.

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. மறுநாளில் இருந்து அவர் பேரே பெட்ரோல் ராஜா ஆகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இதில் ஒரே ஒருவர் சில வாரங்கள் எதுவும் எழுதவில்லை. ஏரியூர்ப் பக்கத்து விவசாயி. நாற்பது வயது கடந்தவர், மெதுவாகப் பேசுகிறவர். கூடப்பிறந்த தம்பியை வரப்புத் தகராறில் மண்வெட்டியால் வெட்டிக் கொன்றதாக அவர் மீது வழக்கு. தான் செய்யவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லியிருந்தார். நேரில் பார்த்த சாட்சி பலமாக இல்லை, வெளியே வந்துவிடலாம் என்று அவருடைய வக்கீல் நம்பிக்கையாக இருந்தார். இதெல்லாம் அந்த மனிதர் எனக்குச் சொன்னதல்ல. நான் வழக்கு எதையும் கேட்பதில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். சிறை வாசலில் அவருடைய மனைவி சொன்னது.

அந்தப் பெண்ணை நான் வாரந்தோறும் பார்த்தேன். நான் வகுப்புக்குப் போகிற நாளும் அவர் கணவரைப் பார்க்க மனுப் போடுகிற நாளும் ஒன்றாக இருந்தன. பென்னாகரம் போய், அங்கிருந்து பஸ் மாறி வருவார். வாசலுக்கு எதிரே புங்க மரத்தடியில் காத்திருப்பார். நான் உள்ளே போகிறவள் என்று தெரிந்ததும் ஒருநாள் எழுந்து வந்தார்.

"அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க. எங்கிட்டச் சொல்லிட்டாரு, நான் இல்ல புள்ளன்னு. எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டாருங்க" என்றார்.

நான் தலையசைத்தேன். எந்தப் பக்கமும் சாயாமல் தலையசைக்கச் செய்தியாளர்களுக்குப் பழக்கம் உண்டு. அவர் மேலும் சொன்னதன் சாரம் இது: மாமியார் இறந்தவரின் மனைவியோடு இருக்கிறார். இவர்கள் வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை. ஊரில் பாதி பேசுவதில்லை. இரண்டு பிள்ளைகளோடு இவர் அங்கேயே இருப்பதற்கு ஒரே காரணம், கணவர் செய்யவில்லை என்பதுதான். அதை வைத்துக்கொண்டுதான் கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடக்கிறார். "உள்ள எதுவும் வாய விட்டுற வேண்டாம்னு சொல்லுங்க. வக்கீலு படிச்சுப் படிச்சுச் சொல்றாருங்க" என்றார்.

அன்று அந்த விவசாயி தன் திரைப்பாட்டை எழுதி முடித்திருந்தார்.

ஒரு கிணற்றில் நீர் இறைத்தோம், ஒரு சட்டிக் களி தின்றோம்,
ஒரு வரப்பு நடுவில் வந்தது, ஒரு சொல்லும் கூட வந்தது,
மடை திறந்த மண்வெட்டியால் மறு பேச்சை வெட்டினேனே,
உடன் பிறந்த உசிரையுமே ஒரு சேர வெட்டினேனே.

அவர் அதைப் படிக்கவில்லை, பாடினார். குரல் நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் தடுமாறவில்லை. எந்த ராஜா மண்வெட்டி பிடித்தான் என்று பெட்ரோல் ராஜா கேட்டார். "நம்ம ஊரு ராஜா அதாண்டா புடிப்பான், உனக்கு ஸ்குரூடிரைவர் மாதிரி" என்றார் கட்டியங்காரர். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு ஒரே நேரத்தில் நின்றது. அவர் வழக்கு என்ன என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஒவ்வொரு தாளையும் அதிகாரி படித்த பிறகே வைத்துக்கொள்ள அனுமதி. அவர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். காந்தி ஜெயந்தி அன்று நிகழ்ச்சி, நீதிபதி ஒருவர் விருந்தினராக வருகிறார், இலவசச் சட்ட உதவி வக்கீல்கள் வருகிறார்கள், சில கைதிகளின் குடும்பங்களுக்கும் அனுமதி கொடுத்திருக்கிறேன் என்றார். தாளை என் பக்கம் திருப்பினார்.

"இந்த 'வெட்டினேனே'யை 'வெட்டினானே' ஆக்கிருங்க, மேடம். ஒரு எழுத்துதானே?"

உண்மையில் ஓர் எழுத்துகூட இல்லை. முதல் 'னே'யில் முன்னால் நிற்கும் இரட்டைக் கொம்பை எடுத்துவிட்டுப் பின்னால் ஒரு துணைக்கால் போட்டால் போதும். 'நான்' போய் 'அவன்' வந்துவிடுவான். அதிகாரி கெட்டவர் அல்ல. அந்த வரியை அப்படியே நீதிபதி முன்னால் பாடவிட்டால் நாளைக்கு யாராவது அதைப் பிடித்துக்கொள்வார்கள், அந்த ஆளின் உயிரோடு விளையாடியதாக ஆகும் என்றார். அவர் சொன்னது சரி. பாட்டை முழுக்க விட்டுவிடலாமே என்றேன். அதையும் யோசித்ததாகவும், இருப்பதிலேயே நல்ல பாட்டு அதுதான் என்றும் சொன்னார். அதுவும் சரி.

நான் எத்தனையோ செய்திகளில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். 'வெட்டினார்' என்று வருவதை 'வெட்டியதாகக் கூறப்படுகிறது' என்று மாற்றுவதற்கு ஒரு நொடியும் யோசித்ததில்லை. ஆனால் அவை பிறர் செய்ததைப் பற்றிப் பிறர் எழுதியவை. இங்கே எழுதியவரிடம் கேட்காமல் கை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

விவசாயி தாளையும் என்னையும் பார்த்தார். பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள், வக்கீல் சொன்னதை நினைத்துப் பாருங்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றார். பிறகு கேட்டார்:

"வெட்டினான்னு பாடுனா, எவன் வெட்டினான்னு கேப்பாங்களே அம்மா?"

கூத்தில் அப்படிப் பாடுவது வழக்கம்தானே என்றேன். "ஆமாங்க. வழக்கந்தான்" என்றார். பேனாவை வாங்கி, கொம்பை அடித்து, காலை அவரே போட்டார். இரண்டு இடத்திலும். கட்டியங்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பிளாஸ்டிக் வாளியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மிருதங்கத்துக்குப் பதிலாக அதுதான்.

ஒத்திகையில் வேறொரு சிக்கல் வந்தது. கைதி எந்த நேரமும் காவலர் கண்ணில் பட வேண்டும் என்பது விதி. திரைக்குப் பின்னால் ஓர் ஆள் மறைந்து நிற்பதை எப்படி அனுமதிப்பது என்றார் அதிகாரி. திரை இல்லாமல் திரைப்பாட்டு இல்லை என்றார்கள் இவர்கள். கடைசியில், திரைக்குப் பின்னால் வேடக்காரரோடு ஒரு வார்டரும் நிற்பதென்று முடிவானது. "ராஜான்னா மெய்க்காப்பாளன் வேணுமில்லீங்களா, சார்?" என்று கட்டியங்காரர் அதற்கும் ஒரு கட்டியம் சொன்னார். வார்டர் பாவம், பாட்டு முடியும் வரை அசையாமல் நிற்கப் பழகிக்கொண்டார்.

திரை என்பது சிறையின் பழுப்பு ஜமக்காளம். நிகழ்ச்சி அன்று இரண்டு கைதிகள் அதன் முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீதிபதியும் வக்கீல்களும் முன்னால் நாற்காலிகளில். குடும்பத்தினர் பக்கவாட்டில் பெஞ்சுகளில். அந்த விவசாயியின் மனைவி ஓரத்தில், மடியில் துணிப்பையோடு இருந்தார். கைதிகள் தரையில். நான் சுவர் ஓரமாக நின்றேன். அங்கிருந்து எல்லா முகங்களும் தெரிந்தன.

லாரி அசுரனுக்கு நல்ல கைதட்டல். பெட்ரோல் ராஜாவுக்கு நீதிபதியே வாய்விட்டுச் சிரித்தார். மூன்றாவதாக அந்த விவசாயி வந்தார். ஜமக்காளத்துக்குக் கீழே நான்கு கால்கள் தெரிந்தன. இரண்டு வெறுங்கால்கள், இரண்டு பூட்ஸ் கால்கள். சலங்கைக்கு அனுமதி கிடைக்காததால் சோடா மூடிகளை நூலில் கோத்துக் கட்டியிருந்தார்கள். வாளி மெதுவாக ஒலித்தது.

அவர் பாடினார். வெட்டினானே என்றுதான் பாடினார். இரண்டு இடத்திலும் தெளிவாக, கொஞ்சம் நீட்டி. பின்பாட்டுக்காரர்கள் வெட்டினானே, வெட்டினானே என்று வாங்கிப் பாடினார்கள். அதிகாரி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் மூச்சு விட்டேன்.

ஜமக்காளம் விலகியது. காகிதக் கிரீடத்தோடு அவர் நின்றார். கட்டியங்காரர் குதித்து முன்னால் வந்தார். "வாருமய்யா ராஜாவே! எந்த நாடு, எந்த ஊரு, பேரு என்னவோ?" என்றார். இதற்கு எழுதி வைத்திருந்த பதில் எனக்குத் தெரியும். மேட்டு நிலமும் காட்டு நிலமும் ஆளும் ஒரு கற்பனை ராஜாவின் பேர். ஒத்திகையில் அதை ஒருமுறைகூடப் பிசகாமல் சொன்னவர் அவர்.

அவர் தன் பேரைச் சொன்னார். தன் அப்பா பேர், ஊர், அஞ்சல், பென்னாகரம் வட்டம். நீதிமன்றத்தில் கூப்பிட்டால் சொல்கிற வரிசையில், அதே குரலில் சொன்னார்.

கட்டியங்காரருக்கு எப்போதும் அடுத்த வார்த்தை தயாராக இருக்கும். அன்று அது வருவதற்குள் வாளி இரண்டு தட்டு தட்டிவிட்டது. பிறகு சபையின் பக்கம் திரும்பினார். "ராஜா ரேஷன் கார்டோட வந்திருக்காருங்கோ" என்றார். நாற்காலிகளில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரித்தார், வக்கீல்கள் சிரித்தார்கள். வாளி ஓங்கி ஒலித்தது, அடுத்த பாட்டு தொடங்கியது. தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பலர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். நான் பெஞ்சின் ஓரத்தைப் பார்த்தேன். அந்தப் பெண் மேடையைப் பார்த்தபடி இருந்தார். கைகள் இரண்டும் துணிப்பையின் மேல் இருந்தன.

விருந்தினர்கள் போன பிறகு அதிகாரி என்னிடம் வந்தார். "ஏன் அப்படிச் சொன்னாரு? மறந்துட்டாரா?" என்றார். கட்டியங்காரர் ஜமக்காளத்தை மடித்துக்கொண்டே, ஆமாங்க சார், சபைய பாத்தா எல்லாருக்கும் பேரு மறக்கும் என்றார். அதிகாரி என்னையே பார்த்தார். அவர் கூத்துப் பார்த்து வளர்ந்தவர் அல்ல. திரைக்குப் பின்னால் பாடியவரே முன்னால் வந்து பேர் சொல்வதுதான் வழக்கம் என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்லவில்லை. அவர் முகம் மாறியது. மறந்துட்டாருன்னே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, பேனாக்களை எண்ணப் போனார்.

இதை இப்போது எழுத முடிவதற்குக் காரணம் உண்டு. வழக்கு முடிந்துவிட்டது, மேல்முறையீடும் முடிந்துவிட்டது. சாட்சிகளைக் கொண்டே முடிந்தது. அவருக்குத் தண்டனை கிடைத்தது. அந்தப் பாட்டைப் பற்றி எந்த இடத்திலும் யாரும் பேசவில்லை. அந்தப் பாட்டால் அவர் கெடவும் இல்லை, தப்பவும் இல்லை. அவரிடம் அதைப் பற்றி நான் கேட்டதில்லை. நிகழ்ச்சிக்கு அடுத்த வாரம் வகுப்பில் அவர் என்னிடம் கேட்டது 'களி'க்கு 'ளி'யா 'லி'யா என்பதுதான்.

நிகழ்ச்சி முடிந்த அன்று பிற்பகல் நான் வெளியே வந்தபோது அவருடைய மனைவி புங்க மரத்தடியில் இருந்தார். பஸ் நிறுத்தம் வரை இருவரும் சேர்ந்து நடந்தோம். பாதித் தூரம் போனதும் அவர் பையைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"பேரு மட்டுந்தானுங்களே சொன்னாரு?"

ஆமாம் என்றேன்.

"வெட்டினேன்னு எங்கயும் சொல்லலீங்களே?"

இல்லை என்றேன்.

"அதுனால கேசுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?"

ஆகாது என்றேன். எனக்குத் தெரிந்தவரை அது உண்மை.

பென்னாகரம் பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கணவருக்காகக் கொண்டுவந்த முறுக்கு அதில் அப்படியே இருந்தது. அன்று கொடுக்க அனுமதி இருந்தது. கொடுக்கவில்லை.

"ஆவாதுன்னா சரிங்க" என்றார். "ஆனா எங்க ஊர்ல நானும் சின்னப் புள்ளையில இருந்து கூத்துப் பாத்தவதானுங்களே."

பஸ் வந்து நின்றது. அவர் ஏறி, உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.